“ஆபரேஷனா? அதெல்லாம் இல்லீங்க!”

ஆம்பூரில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் என் வைத்தியசாலையில் கூட்டம் சேரும். ஷூ கம்பெனி பஸ்கள் பெண்களை இறக்கிவிடும் நேரம் அது. டிபன் பையும் கையுமாக வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்துவிடுவார்கள். நாள் முழுக்க மிஷினில் குனிந்தபடி தைப்பவர்கள். முதுகு வலி, கழுத்து வலி, கால் வீக்கம், அப்புறம் “கேஸ் டிரபுள்”... பெரும்பாலும் இவைதான்.

சில மாதங்களுக்கு முன்பு அப்படி ஒரு பெண்மணி வந்தார். நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். வயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“நேத்து கல்யாண வீட்ல பிரியாணி சாப்பிட்டேன் டாக்டர். கேஸ் பிடிச்சிடுச்சு. நல்லா பேதியாகிற மாதிரி ஒரு மருந்து குடுங்க. சுத்தமாயிட்டா சரியாப் போயிடும்.”

எங்கள் ஊரில் வயிறு வலித்தால் பாவம், பிரியாணிதான் முதல் குற்றவாளி! நான் என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

“அதிருக்கட்டும்மா. இதுக்கு முன்னாடி வயித்துல ஏதாவது ஆபரேஷன் ஆயிருக்கா?”

“ஆபரேஷனா? அதெல்லாம் இல்லீங்க!”

“குழந்தைங்க?”

“ரெண்டுங்க.”

“சுகப்பிரசவமா?”

“இல்லீங்க, ரெண்டுமே சிசேரியன். ரெண்டாவதோடயே குடும்பக் கட்டுப்பாடும் பண்ணிட்டாங்க. நாலு வருஷம் முன்னாடி கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. மத்தபடி ஆஸ்பத்திரிக்கே போனதில்லீங்க.”

பார்த்தீர்களா? மூன்று தடவை வயிற்றைத் திறந்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெண்மணியின் கணக்கில் ஆபரேஷன் பூஜ்யம்!

வலி எப்படி வருகிறது என்று கேட்டேன். அலை அலையாக வருகிறதாம். வந்தால் உயிர் போகிறது, அப்புறம் கொஞ்சம் விடுகிறது, மறுபடி பிடிக்கிறது. காலையிலிருந்து மூன்று வாந்தி. கடைசி வாந்தி பச்சையாக இருந்ததாம். மலமும் போகவில்லை, காற்றும் பிரியவில்லை. வயிறு மத்தளம் போல் உப்பியிருந்தது.

நான் மருந்து எதுவும் தரவில்லை. வாய் வழியாக எதையும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்றேன். வீட்டுக்காரரைப் போனில் வரவழைத்தேன். ஒரு தாளில் “மூன்று முறை வயிற்று ஆபரேஷன் ஆனவர். குடல் அடைப்பு என்று சந்தேகம்” என்று எழுதிக் கொடுத்து, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தேன்.

ஒரு வாரம் கழித்துச் சிரித்த முகத்தோடு வந்தார். மூக்கு வழியாக டியூப் போட்டார்களாம். டிரிப்ஸ் ஏற்றினார்களாம். மூன்றாவது நாள் காற்றுப் பிரிந்ததாம். “அதைச் சொன்னதும் நர்ஸம்மாவுக்கு என்னைவிட சந்தோஷம் டாக்டர்!” கத்தி வைக்காமலே அடைப்பு விலகிவிட்டது. நல்ல நேரம்.

அவர் கேட்டபடி பேதி மருந்தை நான் கொடுத்திருந்தால்? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வயிற்றுக்குள் ஒட்டு விழுவது எப்படி?

ஆபரேஷன் செய்த இடத்தில் தோலில் தழும்பு விழும். அது நமக்குத் தெரியும். அதே மாதிரி உள்ளேயும் தழும்பு விழும் என்பது பலருக்குத் தெரியாது. டாக்டர்கள் இதை ‘அட்ஹீஷன்’ என்பார்கள். நாம் ‘குடல் ஒட்டு’ என்று வைத்துக்கொள்வோம்.

நம் சிறுகுடல் ஏறக்குறைய 20 அடி நீளம். அத்தனையும் வயிற்றுக்குள் சுருண்டு மடிந்து கிடக்கிறது. ஆனாலும் சிக்கிக்கொள்வதில்லை. மண்புழுக்கள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கி நகர்கிற மாதிரி ராவும் பகலும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. காரணம், குடலின் மேலேயும் வயிற்றுச் சுவரின் உட்புறத்திலும் போர்த்தியிருக்கும் ‘பெரிட்டோனியம்’ என்கிற வழவழப்பான ஜவ்வு. அதை முழுக்க விரித்துப் போட்டால் கிட்டத்தட்ட நம் உடம்புத் தோலின் பரப்பளவுக்கு வரும். அதில் எப்போதும் கொஞ்சம் ஈரம் கசிந்துகொண்டே இருக்கும்.

ஆபரேஷனில் இந்த ஜவ்வு காயப்படும். கத்தி பட்டுத்தான் காயமாக வேண்டும் என்பதில்லை. பஞ்சுத் துணி உரசினாலும், கையால் பிடித்து நகர்த்தினாலும், விளக்கு வெளிச்சத்தில் காய்ந்தாலும், ரத்தம் தேங்கினாலும் போதும். காயம் பட்ட இடத்தில் சில மணி நேரத்துக்குள் ‘ஃபைப்ரின்’ என்ற பிசுபிசுப்பான பொருள் ஊறும். ரத்தம் உறையும்போது உண்டாகிற அதே பொருள்தான். பக்கத்தில் இருக்கும் இன்னொரு காயத்தோடு இது ஒட்டிக்கொள்ளும்.

இது தற்காலிகப் பசை. சுவரில் போஸ்டர் ஒட்டியவுடனே கிழித்துப் பாருங்கள், முழுசாக வந்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு முயன்றால் சுவரின் சுண்ணாம்பும் சேர்ந்து வரும். அது போலத்தான் இதுவும். சாதாரணமாக உடம்பே ஒரு கரைப்பானைச் சுரந்து, சில நாட்களுக்குள் இந்தப் பசையைக் கரைத்துவிடும். சுமார் ஒரு வாரத்தில் புது ஜவ்வும் வளர்ந்துவிடும். கதை முடிந்தது.

ஆனால் ஆபரேஷனால் அடிபட்ட இடத்தில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கும், பிராணவாயு குறைந்திருக்கும், அழற்சியும் இருக்கும். அப்போது கரைப்பான் போதுமான அளவு சுரக்காது. பசை அப்படியே தங்கிவிடும். அதற்குள் நார் உண்டாக்கும் செல்கள் குடியேறும். கொலாஜன் என்ற புரதத்தை நூல் நூலாகப் பின்னும். சின்ன ரத்தக் குழாய்கள் நுழையும், நரம்புகள்கூட நுழையும். பசையாக இருந்தது நார்க்கயிறாக மாறிவிடும்!

ஆக, ஒட்டு தங்குமா கரையுமா என்பது பெரும்பாலும் முதல் ஒரு வாரத்துக்குள் முடிவாகிவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

தோல் ஊர்க்காரருக்குத் தெரியாத கொலாஜனா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை... எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு கொலாஜனைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தோல் என்பதே பெரும்பாலும் கொலாஜன்தான். அந்தப் பெயரே கிரேக்க மொழியில் பசையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தச்சர்கள் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரத்தால் மரத்தை ஒட்டினார்களே, அந்தப் பசையும் இதுதான்.

இன்னொரு வேடிக்கை. இந்தப் பக்கத்தில் குரோமியம் வருவதற்கு முன்பு தோல் பதனிட்டது ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் வைத்து. அதே ஆவாரையும் கடுக்காயும் என் மருந்துப் பெட்டியிலும் இருக்கின்றன! “கடுக்காய் சாப்பிட்டால் வயித்துக்குள்ள இருக்கிற ஒட்டு கரையுமா டாக்டர்?” என்று பலர் கேட்கிறார்கள்.

இதே கேள்வியைக் கேட்டவரிடம், டேனரியில் நாற்பது வருஷம் மேஸ்திரியாக இருந்த ஒரு பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்தபடியே பதில் சொன்னார். “ஊறப் போட்ட பச்சைத் தோலை என்ன வேணா செய்யலாம். ஷூவே தைச்ச பிறகு திரும்பப் பச்சைத் தோல் ஆக்க முடியுமா? என்ன டாக்டர் சாப், நான் சொல்றது சரியா?”

சரி பாய், நூற்றுக்கு நூறு சரி. முற்றிப்போன குடல் ஒட்டைக் கரைக்கிற சூரணமோ, லேகியமோ, கஷாயமோ என் மருத்துவத்தில் இல்லை. இங்கிலீஷ் மருத்துவத்திலும் அதற்கு மாத்திரை கிடையாது. சித்த வைத்தியன் நானே இதைச் சொல்கிறேன்.

எல்லோருக்கும் ஆபத்தா?

இல்லை. பயந்துவிடாதீர்கள்.

1990-ல் இங்கிலாந்தில் ஒரு ஆய்வு வெளியானது. ஏற்கெனவே வயிற்று ஆபரேஷன் ஆகி, மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியிருந்த 210 பேரைப் பார்த்தார்கள். அதில் 100க்கு 93 பேருக்கு உள்ளே ஒட்டு இருந்தது. முதல் தடவையாகத் திறக்கப்பட்ட 115 பேரில் 100க்கு 10 பேருக்குத்தான் இருந்தது. ஆக, வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தவர்களுக்கு ஒட்டு விழுவது அபூர்வமில்லை. விழாமல் இருப்பதுதான் அபூர்வம்!

ஆனால் ஒட்டு இருப்பவர்களில் பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் நூறு வயது வாழ்ந்துவிட்டுப் போகிறார்கள். தொல்லை சிலருக்குத்தான். அந்தச் சிலர் எத்தனை பேர்?

1999-ல் ஸ்காட்லாந்துக் கணக்கு ஒன்று வந்தது. 1986-ல் வயிற்றிலோ இடுப்புப் பகுதியிலோ திறந்த ஆபரேஷன் செய்துகொண்ட 29,790 பேரைப் பத்து வருஷம் விடாமல் கவனித்தார்கள். மூன்றில் ஒருவர் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருந்தது. ஒட்டினால் வந்த தொல்லை, ஒட்டினால் வந்திருக்கலாம் என்ற தொல்லை, ஒட்டு இடைஞ்சல் செய்யக்கூடிய இன்னொரு ஆபரேஷன் எல்லாம் சேர்த்து இந்தக் கணக்கு. சந்தேகமில்லாமல் ஒட்டுதான் காரணம் என்று சொல்லத்தக்கவை, அப்படிச் சேர்ந்த தடவைகளில் 100க்கு 6. முதல் வருஷத்தோடு இது நின்றுவிடவில்லை. பத்து வருஷமும் வந்துகொண்டே இருந்தது.

இதுதான் ஒட்டின் குணம். பதினைந்து வருஷம் சும்மா இருக்கும். திடீரென்று ஒரு நாள் குடலின் ஒரு மடிப்பு அந்த நார்க்கயிற்றுக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். சைக்கிள் டியூப்பை மடித்தால் காற்று எப்படி நிற்குமோ, அப்படி உள்ளே இருப்பது நின்றுவிடும். கயிறு இறுக்கினால் அந்தத் துண்டுக் குடலுக்கு ரத்தமே போகாது. சில மணி நேரத்தில் குடல் கறுத்து அழுக ஆரம்பிக்கும்.

சிசேரியன், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்களுக்குப் பிறகு குடல் அடைப்பு வருவது குறைவு. வெடித்த அப்பெண்டிஸ், குடல் ஆபரேஷன், கர்ப்பப்பை, சினைப்பை ஆபரேஷன்கள் இவற்றுக்குப் பிறகு அதிகம். ஆனால் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேரும்போது வாய்ப்பும் கூடிக்கொண்டே போகும்.

நம் தமிழ்நாட்டுக் கணக்கையும் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே 100 பிரசவங்களில் 45 சிசேரியன். இந்தியா முழுவதற்கும் சேர்த்தால் 100க்கு 21 அல்லது 22தான். கல்யாணமான பெண்களில் பாதிக்கு மேல் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். எத்தனை லட்சம் வயிறுகள்! அத்தனை பேரும் “ஆபரேஷனா? அதெல்லாம் இல்லீங்க” என்று சொன்னால் என்ன ஆகும்?

ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். நம் ஜனங்களுக்கு ஆபரேஷன் என்றால் வியாதிக்குச் செய்வது. பிள்ளை பெற்றது வியாதியா? அது சந்தோஷ சமாச்சாரம். குடும்பக் கட்டுப்பாடா? அது எல்லோரும் செய்துகொள்வது. சின்ன ஓட்டை போட்டு எடுத்த லாப்ராஸ்கோப்பியா? “தையலே இல்லீங்க, மறுநாளே வீட்டுக்கு வந்துட்டேன்.” அவர்கள் மறைக்கவில்லை. கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

கேட்க வேண்டியது வைத்தியனின் கடமை. நான் ஒரு தடவை கேட்கவில்லை.

நான் செய்த தப்பு

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து, இங்கே வந்து தொழில் ஆரம்பித்த புதிது. டேனரியில் வேலை செய்கிற ஒருவரை அவருடைய மகன் கூட்டிக்கொண்டு வந்தான். வயிற்று வலி, இரண்டு நாளாக மலம் போகவில்லை. நாடி பார்த்தேன். நாக்கைப் பார்த்தேன். என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன். வாயு, மலக்கட்டு என்று முடிவு கட்டினேன். விளக்கெண்ணெய் கொடுத்து, வெந்நீர் குடிக்கச் சொல்லி அனுப்பினேன்.

சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், பல வருஷத்துக்கு முன்பு அப்பெண்டிஸ் வெடித்துச் செய்த ஆபரேஷன் தழும்பு வலது பக்கம் நீளமாகத் தெரிந்திருக்கும்.

அடைபட்ட குடலுக்குப் பேதி மருந்து கொடுப்பது எப்படித் தெரியுமா? வெளிக்கதவு பூட்டிக் கிடக்கிற தியேட்டருக்குள் “தீ, தீ” என்று கத்துவது மாதிரி. குடல் இன்னும் வேகமாக முறுக்கும். போக வழியில்லாமல் உள்ளே நீர் பெருகும். ராத்திரி அவருக்கு வலி தாங்க முடியாமல் போய், வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு அடிக்கு மேல் கறுத்துப் போன குடலை வெட்டி எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். அது அந்த சர்ஜன்களின் புண்ணியம்.

ஒரு மாதம் கழித்து என்னைப் பார்க்க வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார்: “நீங்க ஆபரேஷன் ஆயிருக்கான்னு கேக்கவே இல்லியே டாக்டர். கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.”

திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். அன்றிலிருந்து என் நோட்டில் பேருக்கும் வயதுக்கும் அடுத்த கட்டம் ‘தழும்பு’. நாடி அப்புறம்தான்.

“எங்க லேகியத்துல கரைஞ்சுதே!”

இப்போதெல்லாம் “குடல் ஒட்டைக் கரைக்கும் அரிய மூலிகை” என்று செல்போனில் விளம்பரம் ஓடுகிறது. குணமானவர்களின் சாட்சியமும் கூடவே வருகிறது. அவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்களா? அப்படி நான் சொல்ல மாட்டேன். இதைக் கேளுங்கள்.

2003-ல் நெதர்லாந்து டாக்டர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். நாள்பட்ட வயிற்று வலி, உள்ளே ஒட்டு. அப்படி 100 பேர். எல்லோருக்கும் லாப்ராஸ்கோப் விட்டுப் பார்த்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி பிரித்து, ஒரு பாதிக்கு ஒட்டுகளை வெட்டி விடுவித்தார்கள். மறு பாதிக்கு எதையும் தொடாமல் வெறுமனே பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். யாருக்கு எது நடந்தது என்று நோயாளிகளிடம் சொல்லவில்லை.

ஒரு வருஷம் கழித்து விசாரித்தால், வெட்டியவர்களுக்கும் வலி நன்றாகக் குறைந்திருந்தது. வெட்டாதவர்களுக்கும் அதே அளவு குறைந்திருந்தது! இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை.

இதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று எங்களுக்கு. நாள்பட்ட வயிற்று வலி ஏறும், இறங்கும். ரொம்ப மோசமாக இருக்கும்போதுதான் மருந்து தேடி வருகிறோம். தானாக இறங்கும் சமயத்தில் கையில் எந்த லேகியம் இருக்கிறதோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. ஒட்டு கரைந்ததை யாரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. சாதாரண ஸ்கேனிலும் ஒட்டு சரியாகத் தெரியாது. “ஸ்கேன்ல கரைஞ்சிடுச்சுன்னு வந்துச்சு” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்று சர்ஜன்களுக்கு. வெறும் வலிக்காக ஒட்டை வெட்டுவதால் பலன் உறுதியில்லை. வெட்டிய இடத்தில் மறுபடி ஒட்டு விழும். குடல் கிழிகிற ஆபத்தும் உண்டு. அடைப்பு ஏற்பட்டு, டியூப்பும் டிரிப்ஸும் போட்டும் விலகாவிட்டால், அல்லது குடலுக்கு ரத்தம் நின்றுவிட்டதென்று சந்தேகம் வந்தால் கத்தியைத் தவிர வேறு வழி இல்லை. அப்போது தயங்கக் கூடாது. அந்த நேரத்தில் “ஆபரேஷன் வேண்டாம், சித்தாவில் பார்த்துக்கொள்கிறோம்” என்று கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் வராதீர்கள். கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்படியானால் நீங்கள் என்னதான் செய்ய வேண்டும்?

முதலில், வயிற்றில் எப்போது கத்தி பட்டிருந்தாலும் அது ஆபரேஷன்தான். சிசேரியன், குடும்பக் கட்டுப்பாடு, அப்பெண்டிஸ், குடலிறக்கம், கர்ப்பப்பை, பித்தப்பை, லாப்ராஸ்கோப்பி எல்லாமே. என்ன ஆபரேஷன், எந்த வருஷம் என்று ஒரு தாளில் எழுதி, டிஸ்சார்ஜ் சம்மரியோடு ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவரில் வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். வலியில் துடிக்கிறபோது நீங்களே சொல்ல முடியாமல் போகலாம்.

இரண்டாவது, வயிற்றில் தழும்பு உள்ளவர்கள் வயிற்று வலிக்குத் தானாகப் பேதி மருந்து சாப்பிடவே கூடாது. விளக்கெண்ணெயும் வேண்டாம், கடையில் விற்கிற பேதி மாத்திரையும் வேண்டாம். சித்த மருந்துகளில் நேர்வாளம் சேர்ந்த கடும் பேதி மருந்துகள் இருக்கின்றன. அவற்றைக் கையாலும் தொடாதீர்கள். வருஷா வருஷம் “வயித்தைக் கழுவுறோம்” என்று வீட்டோடு பேதிக்குச் சாப்பிடுகிற குடும்பங்களிலும், தழும்பு உள்ளவர்கள் வைத்தியரிடம் காட்டிக் கேட்ட பிறகுதான் சாப்பிட வேண்டும்.

மூன்றாவது, அபாய அறிகுறிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அலை அலையாக வலி, வாந்தி, வயிறு உப்புதல், மலமும் காற்றும் அடைபடுதல். இந்த நான்கில் இரண்டு சேர்ந்தாலே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். வலி விட்டுவிட்டு வராமல் ஒரேயடியாக நின்று வலித்தால், காய்ச்சலோ நாடித் துடிப்பு வேகமோ சேர்ந்தால், ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. ராத்திரி ரெண்டு மணியானாலும் சரி. “நாளைக்கு லீவு போட்டா சம்பளம் போயிடுமே” என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுநாள் கம்பெனி பஸ் ஏறாதீர்கள். சீக்கிரம் போனவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே அடைப்பு விலகுகிறது. தள்ளிப் போட்டவர்கள்தான் குடலை இழக்கிறார்கள்.

நான்காவது, ஒரு தடவை அடைப்பு வந்து விலகியவர்கள் சாப்பாட்டில் ஜாக்கிரதையாக இருங்கள். நன்றாக மென்று, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். ஆரஞ்சுச் சுளையைத் தோலோடும் சக்கையோடும் விழுங்குவது, பலாச்சுளையை மெல்லாமல் உள்ளே தள்ளுவது, பனங்கிழங்கு நார், முருங்கைக்காய்ச் சக்கை, இதெல்லாம் குறுகிய இடத்தில் பந்தாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும்.

ஆபரேஷன் முடிந்ததும் சீக்கிரம் எழுந்து நடக்கச் சொல்வார்கள். வலித்தாலும் நடங்கள். குடல் விழித்துக்கொள்ள நல்லது, காலில் ரத்தம் உறையாமல் இருக்க நல்லது, நுரையீரலுக்கு நல்லது. நடந்தால் ஒட்டே விழாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

கத்தி வைப்பதற்கு முன் ஒரு கேள்வி

முற்றிய ஒட்டைக் கரைக்க முடியாது, விழாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி என்றால், அது சர்ஜன் கையில்தான் இருக்கிறது. மெதுவாகக் கையாளுவது, ஜவ்வு காயாமல் பார்ப்பது, ரத்தம் தேங்க விடாதது, முடிந்த இடத்தில் திறக்காமல் லாப்ராஸ்கோப்பில் செய்வது, தேவைப்பட்டால் இடையில் கரையக்கூடிய படலம் வைப்பது. முன்பு கையுறையில் தூவிய பவுடர்கூட உள்ளே விழுந்து ஒட்டை உண்டாக்கியது. பவுடர் கையுறையை அமெரிக்கா 2017-ல் தடையே செய்துவிட்டது.

நம் கையில் இருப்பது ஒரு கேள்விதான்: “இந்த ஆபரேஷன் கட்டாயம் வேணுமா டாக்டர்? வேற வழி இருக்கா?” அதிகமாக உதிரம் போகிறது என்று முப்பத்தைந்து வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வருகிற பெண்களை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேண்டாத கர்ப்பப்பை ஆபரேஷன்களைத் தடுக்க மத்திய அரசு 2022-ல் வழிகாட்டு நெறிகள் கொடுத்தது. அவற்றை மாநிலங்கள் அமல்படுத்த வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. தேவையான ஆபரேஷன் உயிரைக் காக்கும். அதைத் தள்ளிப் போடாதீர்கள். சிக்கலான பிரசவத்தில் சிசேரியன் இரண்டு உயிரைக் காக்கும். ஆனால் நல்ல நாள் பார்த்து, நட்சத்திரம் பார்த்துக் கீறச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு கீறலும் உள்ளே ஒரு தழும்பு. அடுத்த சிசேரியனில் அந்தத் தழும்பைத் தாண்டித்தான் டாக்டர் உள்ளே போக வேண்டும்.

வைத்தியர்களுக்கும் ஒரு வார்த்தை. சித்த வைத்தியரோ, ஆயுர்வேதமோ, அலோபதியோ, மருந்துக் கடைக்காரரோ, யாராக இருந்தாலும் சரி. “ஆபரேஷன் ஆயிருக்கா?” என்று கேட்டால் “இல்லீங்க” என்றுதான் பதில் வரும். “வயித்துல தழும்பு இருக்கா?” என்று கேளுங்கள். பிரசவம் எப்படி ஆச்சு என்று கேளுங்கள்.

வாசகர்களே, அடுத்த தடவை வயிற்று வலி என்று எங்கே போய் உட்கார்ந்தாலும், பிரியாணிக் கதையை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். முதலில் தழும்பைச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அன்று அந்த டேனரிக்காரரிடம் நான் கேட்காமல் விட்டேனே, அந்தக் கேள்விக்கு நீங்களாவது முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுங்கள்.